தொட்டித் தண்ணீரில் ஒரு நர்சிங் காலேஜ்

வைரக்கண்ணு அண்ணன் மகள் சுபாஷினி நர்சிங் படிக்கப் போய்க் கோயம்புத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கிய காலையில், வேம்பங்குடிக்காட்டில் அவளுக்கு மொய் வைத்த வீடுகளில் எல்லாம், தண்ணீர் எங்கெங்கே தேங்கி நின்றதோ அங்கெல்லாம், மாட்டுக்கு வைத்த கழனித் தொட்டியிலும் குளிக்க நிரப்பிய வாளியிலும் அரிசி ஊறப்போட்ட குண்டானிலும், கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. சுபாஷினி எதைப் பார்த்தாளோ அது தெரிந்தது. அவள் திரும்பினால் தண்ணீரும் திரும்பியது. யாரும் அலறவில்லை, பூசாரியைக் கூப்பிடவில்லை. அரிசி ஆலை காத்தமுத்து மாட்டை இழுத்துத் தள்ளிக் கட்டிவிட்டு, தொட்டியில் குனிந்து பார்த்து, "பரவால்ல, புள்ள பத்திரமா போயி எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

மொய் விருந்து தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில், அதாவது என் புருஷன் பக்கத்தில் (நான் மதுரைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள், இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது), ஆடியிலும் ஆவணியிலும் பணம் தேவைப்பட்டவன் பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவான். தின்றவன் கை கழுவிவிட்டு வந்து மொய் வைப்பான். வைத்தவன் தன் முறைக்கு விருந்து போடும்போது, வாங்கியவன் போய்த் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைப்பது பழைய நடை. அதை மட்டும் வைத்தால் உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும், ஆகவே மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பார்கள், அது புது நடை. அந்தக் கொஞ்சத்துக்கு இனி இவன் கடன்காரன், அவன் கடன்கொடுத்தவன். இந்தக் கயிற்றை ஆள் மாற்றி ஆள் இழுத்துக்கொண்டே சாவதற்குப் பெயர்தான் இந்த ஊரில் உறவு. ஒருவர் விருந்து போட்டால் அடுத்த முறை ஐந்து வருஷம் கழித்துத்தான், அது கட்டுப்பாடு.

வைரக்கண்ணு அண்ணன் விருந்து போட்ட அன்றைக்கு நான் மொய் வைக்கவில்லை. முந்தானையில் ஐந்நூறு ரூபாய் முடிந்திருந்தது, வைக்க மனசு வரவில்லை. இந்த ஊரும் எனக்குப் பிடிக்காது, இந்த ஊர் விருந்துச் சோறும் பிடிக்காது. என் வீட்டுத் தண்ணீர் கடைசிவரைக்கும் தண்ணீராகவே இருந்தது.

வைரக்கண்ணு அண்ணன் எடுத்த எடுப்பில் மொய்க்கு வந்தவர் இல்லை. முதலில் பேங்குக்குத்தான் போனார், துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு. மேனேஜர் நன்றாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். தென்னைக்கு வாங்கிய கடன் நிலுவையில் இருக்கிறதே என்றார். தென்னை புயலில் போய்விட்டது சார் என்றார் அண்ணன். மரம்தானே போனது என்றார் மேனேஜர். "நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் இல்லாம படிப்புக்குத் தர்றதா டிவியில சொன்னாங்களே" என்று கேட்டதற்கு, "சொன்னவங்ககிட்டயே போயி வாங்கிக்கங்க" என்று சிரித்தபடி பதில் வந்தது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது என்று யாரோ சொல்லி, தாலுகா ஆபீசுக்கு அலைந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால், உங்கள் மகள் சேர்ந்திருக்கிற சீட்டுக்கு அது பொருந்தாது என்றார்கள். ஒரு அறக்கட்டளை உதவித்தொகை தருவதாகக் கூப்பிட்டு, தலைவரின் பிறந்தநாள் மேடையில் சுபாஷினியை நிறுத்தி, ஏழைப் பிள்ளை என்று மைக்கில் மூன்று தரம் சொல்லி, அவள் தலையைத் தடவிப் படம் பிடித்துக்கொண்டு அனுப்பியது. அந்தச் செக் இன்றுவரை வரவில்லை. அதற்கப்புறம்தான் அண்ணன் பந்தக்கால் ஊன்றினார்.

நாலு வருஷப் படிப்புக்கும் விடுதிக்கும் ஆகிற பணம் ஒரே மத்தியானத்தில் விழுந்தது. அந்த மட்டுக்கும் ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். பேங்கு மூடிய கதவை ஊர் திறந்தது, திறந்துவிட்டுக் கதவிலேயே நின்றுகொண்டது.

வைத்த மொய்க்கு ஏற்பத்தான் தண்ணீர் காட்டியது. காத்தமுத்து ஐம்பதாயிரம் வைத்தவர், அவர் தொட்டியில் முழுசாகத் தெரியும், சுபாஷினி எதிரே இருக்கிற சுவரில் ஒட்டடை தொங்கினால் அதுவும் தெரியும். ஐயாயிரம் வைத்தவர்களுக்குத் தட்டு அகலத்துக்குத் தெரியும். ஐந்நூறு வைத்தவர்களுக்கு நகத்தளவுதான், அதிலும் ஓரம் கலங்கியிருக்கும். ஐந்நூறுக்காரர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் காத்தமுத்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நாளில் அங்கே கீற்றுக்கொட்டகை போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள், ஒருத்தன் சுண்டல் விற்றான். மாடு தெருக் குழாயடியில் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டது.

பார்க்க மட்டும்தான் முடியும், சத்தம் கேட்காது. ஆகவே ஊர் தானே பேசிக்கொண்டது. இன்றைக்குப் பாடத்தைவிட்டு ஜன்னலையே பார்க்கிறது, எங்க காசு ஜன்னலுக்கா போகுது. பரோட்டா தின்கிறது, விடுதியில் சோறு போடவில்லையா. செருப்பு புதுசு. சினிமா போஸ்டரை இம்மாம் நேரம் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் போய் வைரக்கண்ணு அண்ணனிடம் சொல்ல, அவர் தன் பட்டன் போனை எடுத்து மகளுக்குப் பேசுவார். முதல் வாரமே விஷயத்தை மகளிடம் சொல்லிவிட்டார்.

"எல்லாருக்குமாப்பா தெரியுது?"

"எனக்குத் தெரியல தாயி. மொய் வச்சவங்களுக்குத்தானே."

"அத்தையாவது பாக்காம இருக்காங்களா?" என்று என்னைப் பற்றிக் கேட்டாளாம். அத்தைக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று சொல்லச் சொன்னேன்.

பெற்ற மகளைப் பார்க்க அந்த மனுஷன் அடுத்தவன் தொட்டியில் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கொட்டகைக்கு வருவார். பெஞ்சில் இடம் விட மாட்டார்கள். பின்னால் நின்று, தலைகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் பார்ப்பார். அதில் அவள் முகம் எங்கே தெரியப்போகிறது, அவள் பார்க்கிற புத்தகமும் கட்டிலும்தான் தெரியும். எப்போதாவது அவள் முகம் கழுவி முடித்துக் கண்ணாடி பார்த்தால் உண்டு. அப்போது அண்ணன், "சாப்புட்டிருக்கா, மொகம் தெளிவா இருக்கு" என்று யாருக்கோ சொல்வார்.

அவள் குளிக்கும் நேரம் எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு தொட்டிக்கு வந்த ஆம்பளைகளின் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அவள் காட்டியது இருட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு குளிக்கவும், கூரையைப் பார்த்தபடி உடை மாற்றவும் அந்தப் பிள்ளை பழகிக்கொண்டது. பதினெட்டு வயசில் பழக வேண்டிய பழக்கமா அது.

ஆனால் படிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடியாதே. ஒருநாள் உடற்கூறு வகுப்பு. அறுத்து வைத்த பிணத்தை அவள் பார்க்க, ஊரில் இட்லிக்கு ஊறிய உளுந்துத் தண்ணீரில் ஈரலும் குடலும் தெரிந்தன. அன்றைக்கு மொய் வைத்த வீடுகளில் காலைச் சாப்பாடு கிடையாது. அப்புறம் பிரசவ வார்டு. காத்தமுத்து தொட்டியில் ஒரு பிள்ளை தலை காட்டி, தோள் காட்டி, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பெஞ்சிலிருந்த ஆம்பளைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், பெண்கள் வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் கூடி, கொடுத்த காசுக்கு இதையெல்லாமா பார்க்க வேண்டும் என்று முறையிட்டது. கொடுத்ததே இதைப் படிக்கத்தானே என்று நான் கேட்டேன். மொய் வைக்காதவளுக்கு இங்கே என்ன பேச்சு என்றார்கள். அதுவும் நியாயம்தான் என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் தை மாசத்தில் ஒரு பையன் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவன், பெயர் ஜோயல் என்று பின்னால் தெரிந்துகொண்டார்கள். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து டீ குடித்தான். அவளைப் பார்த்துத்தான் சிரித்தான், ஆனால் சிரிப்பு வந்து விழுந்தது வேம்பங்குடிக்காட்டில், மொய் வைத்த அத்தனை வீட்டுச் சொம்பிலும் குண்டானிலும். காத்தமுத்து ஷேவ் செய்ய வைத்த கிண்ணத்தில்கூட அவன் சிரித்தான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளும் அவன் சிரிக்கவே கூட்டம் போட்டார்கள்.

காத்தமுத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் மச்சினன் ஒருத்தன், ஜேசிபி வைத்திருப்பவன், நாற்பதை நெருங்கியும் பெண் அமையாதவன். "வைரக்கண்ணு, நாஞ் சொல்றதக் கேளு. புள்ளையக் கூட்டியாந்துரு. படிச்ச வரைக்கும் போதும். எம் மச்சினனுக்குக் கட்டிவச்சிட்டா எம் மொய்யி அப்பிடியே கழிஞ்சிரும், மத்தவங்களயும் நாம் பேசிச் சரிக்கட்டிர்றேன்."

"இன்னும் ஒரு வருசந்தாங்க இருக்கு" என்றார் அண்ணன்.

"அப்ப இந்த ஆடியில நாங்க எல்லாருஞ் சேந்து விருந்து போடுறோம். நீ வந்து பழைய நடைய வையி."

மொய் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பந்தலில், முறை தப்பி, கட்டுப்பாட்டை மீறி, ஒரே நாளில் விருந்து போட்டால் ஒரு மனுஷன் எங்கே போவான். திருப்பி வைக்காதவன் வீட்டு வாசலில் நின்று கேட்பது இங்கே வழக்கம். ஊர்க்கூட்டத்தில் மறுநாளே அது தீர்மானமாகிவிட்டது. பணத்தை வை, இல்லாவிட்டால் மகளைக் கொண்டுவா. அண்ணன் அன்று என் வீட்டில் வந்து உட்கார்ந்து, போனை என்னிடம் கொடுத்து, நீயே சொல்லம்மா என்றார். நான் சொன்னேன். சுபாஷினி, "நான் அழுதா தண்ணி கலங்குமா அத்தை?" என்று கேட்டாள்.

"கலங்கும்" என்றேன், எனக்குத் தெரியாவிட்டாலும்.

"அப்ப அழல" என்றாள்.

அதற்குப் பிறகு பகலில் தொட்டி இருட்டிப்போகத் தொடங்கியது. ஒருநாள் பத்து மணிக்கு இருட்டியது, இன்னொரு நாள் மத்தியானம் முழுக்க இருட்டு. பட்டப்பகல்ல தூங்குது பாரு, எங்க காசுல தூங்குது பாரு என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். அவள் தூங்கவில்லை. ஜோயல் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் அங்கேயே வேலை, சோறும் படுக்கையும் போகச் சம்பளம் முழுவதற்கும் இப்போதே முன்பணம், லீவு கிடையாது, சர்டிபிகேட்டெல்லாம் அவர்கள் பெட்டியில். ஜோயல் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டாள். அந்த வேலை உறுதியைக் காட்டி அங்கேயே ஒரு பேங்கில் கடைசி வருஷப் பீசுக்கு (அதற்கென்று வைத்திருந்த மொய்ப் பணமும் திருப்பி வைக்கப் போய்விடுமே) கல்விக்கடனும் வாங்கினாள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டுதான். ஒரு கயிற்றை அவிழ்க்க இரண்டு கயிற்றில் கழுத்தைக் கொடுத்தாள் என்று நீங்கள் சொல்லலாம். பேங்குக்காரனை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் அவன் வட்டி கேட்பான், வட்டிக்கு வட்டி கேட்பான், நீ டீ குடிக்கும்போது யார் சிரித்தான் என்று கேட்க மாட்டான்.

ஆடி விருந்தன்று அவள் வந்தாள். பந்தலில் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு மொய் நோட்டு, ஒரு எவர்சில்வர் குண்டான். மச்சினன் புதுச் சட்டையில் பாயாச வாளியோடு திரிந்தான். சுபாஷினி பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்நூறு வைத்தவருக்குப் பழைய நடை ஐந்நூறு, புது நடை நூறு. ஐயாயிரம் வைத்தவருக்கு ஐயாயிரம், மேலே ஆயிரம். அவள் பணத்தோடு வருவாள் என்று எதிர்பார்க்காத கூட்டம், வந்ததும் வாய் பிளந்தது, மேலே வைத்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. புது நடையை மறுக்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. வருகிற காசை யார் விடுவார். பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கிலேயே வளர்ந்தவர்கள், ஒருத்தருக்காவது அந்த நேரத்தில் கணக்கு ஓடவில்லை. கடைசியாகக் காத்தமுத்து மேசை. ஐம்பதாயிரம் வைத்தாள். அதன்மேல் பத்தாயிரம் வைத்தாள்.

"எதுக்கு ஆயி இம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே அவர் எடுத்துக் குண்டானில் போட்டார்.

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல மாமா."

பிறகு பந்தியில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள். காத்தமுத்து எதிர்ப்பந்தியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுபாஷினி டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் நான் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. டம்ளர் தண்ணீரில் ஒரு பெண் இலைக்கு முன்னால் உட்கார்ந்து டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒங்க கண்ணுக்கு நான் எப்பிடித் தெரியிறேன்னு மூணு வருசமா யோசிச்சிருக்கேன்" என்றாள். "நல்லாத்தான் இருக்கேன்."

காத்தமுத்து கண்ணைத் திருப்பினார். டம்ளரில் பந்தல் கால் தெரிந்தது, பிறகு சமையல்காரன், பிறகு அவருடைய சொந்தக் கால்விரல்கள். பந்தி முழுக்க அப்போதுதான், புது நடை வாங்கிய தாங்கள்தான் இனி கடன்காரர்கள், பார்க்கப்போகிறவள் அவள் என்ற விஷயம் புரிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஆளாளுக்குத் தங்கள் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். கொட்டகைத் தொட்டியில் அன்று சாயங்காலம் மேலே இருந்த கீற்றுதான் தெரிந்தது. மாடு திரும்பி வந்து குடித்தது.

அதற்குப்பின் இந்த ஊர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. ஆலையில் கள்ள எடைக்கல்லை மாற்றும்போது காத்தமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மாற்றினார், கல் காலில் விழுந்து வீங்கியது. வயற்காட்டு மோட்டார் அறைக்கு யாரையோ பார்க்கப் போவாரே, அங்கே போவதையும் நிறுத்தினார். கூலிங்கிளாஸ் வாங்கினார். குளிக்கும் நேரம் தெரிந்துவைத்திருந்த ஆம்பளைகள் தங்கள் பெண்டாட்டியைக்கூட நேரே பார்க்கப் பயந்தார்கள். பெரியவர் சிறியவர் எல்லாரும் தரையைப் பார்த்தே நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து வைரக்கண்ணு அண்ணனிடம் போய், நீ ஒரு விருந்து போடு, கிடா நாங்களே தருகிறோம், பந்தல் நாங்களே போடுகிறோம், உன் மகள் வைத்த புது நடையைத் திருப்பி வைத்துவிடுகிறோம் என்று கெஞ்சினார்கள்.

"நாம் போட்டு அஞ்சு வருசம் ஆகலீங்களே" என்றார் அண்ணன். "மொற வரட்டும்."

மறு வருஷம், அவள் படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு, நான் கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போனவள் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். நர்ஸ் உடுப்பில் இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டீ வாங்கிக்கொடுத்தாள். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை நான்தான் காட்டிக் கேட்டேன், பாக்குறியா என்று.

"ஆரம்பத்துல பாத்தேன் அத்தை. எல்லாத்துலயும் மண்ணுதான் தெரிஞ்சிது. எல்லாரும் தரையத்தான் பாக்குறாங்க. யாரு எங்க போனா எனக்கென்ன, அதையா பாத்தேன்." டம்ளரைச் சுற்றிவிட்டாள். "அப்பா எங்கிட்ட மொய் வாங்கலல்ல, அவரு கண்ணு வழியா எனக்கு எதுவும் தெரியாது. வேற யாராவது அப்பாவ நிமிந்து பாத்தா, அப்பா தெரிவாரு. ஒருத்தரும் பாக்க மாட்டேங்குறாங்க. லீவும் இல்ல." அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வார்டுக்குப் போனாள்.

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள், எல்லாரும் என் காலைப் பார்த்தபடி.

"பாக்குதா?" என்றார் காத்தமுத்து.

"பாக்குறா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கூலிங்கிளாஸ் போட்டாலும் தெரியுதாம்." வாய் கூசாமல் சொன்னேன். "ஒரு வழி இருக்கு. அவ அப்பாவ யாராச்சும் தெனமும் காலையில நிமிந்து பாத்து, நின்னு நாலு வார்த்தை மரியாதையா பேசணுமாம். அப்பிடிப் பேசுறவங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டா."

மறுநாள் காலையில் வைரக்கண்ணு அண்ணன் வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்தபோது, பெஞ்சில் இடம் விடாத அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். காத்தமுத்து கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து, "சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆவுதுங்களா" என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் புரியாமல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

என் போன் அடித்தது.

"அத்தை," என்றாள் சுபாஷினி, "அப்பா ஏன் இவ்வளவு எளச்சிட்டாரு?"